பறக்கும் பட்டப் பெயர்கள்

சொந்தமாக ஒரு போர் விமானம் வாங்க ஆசையா? ரொம்பச் சுலபம். ஊருக்கு வெளியே அரை கிரவுண்டு நிலம் வாங்கிப் போடுங்கள். வேலி கட்டிவிட்டுப் பேசாமல் காத்திருங்கள். இன்றோ நாளையோ ஒன்று தானாக வந்து விழும்.

1960-களில் மேற்கு ஜெர்மனியில் சொல்லிச் சிரித்த ஜோக் இது. சிரித்தார்கள் என்றால் சந்தோஷத்தில் அல்ல. அந்த நாட்டு விமானப் படை அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனத்திடமிருந்து எஃப்-104 என்ற விமானத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதன் அதிகாரபூர்வப் பெயர் 'ஸ்டார்ஃபைட்டர்'. என்ன கம்பீரம்! ஆனால் ஜனங்கள் வைத்த பெயர் வேறு. 'விட்வென்மாஹர்' என்றார்கள். பெண்டாட்டிகளை விதவையாக்குகிறவன் என்று அர்த்தம். நம் ஊர் பாஷையில் சொன்னால், தாலியறுப்பான்.

பட்டப் பெயர் வைப்பதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்கு வாத்தியார் முதல் ஆபீஸ் மேனேஜர் வரை யாரையாவது விட்டுவைத்திருக்கிறோமா? ஆனால் இந்த விஷயத்தில் விமானிகளும், விமானத்தின் அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனர் பிடிக்கிற மெக்கானிக்குகளும் நமக்கெல்லாம் அண்ணன்கள். கம்பெனிக்காரன் மின்னல், இடி, கழுகு, பருந்து என்று பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்து அனுப்புவான். இவர்கள் ஒரு தடவை சுற்றி வந்து பார்ப்பார்கள். அவ்வளவுதான். பன்றி, குண்டன், சாக்குப்பை என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டுவிடும். அப்புறம் பிய்த்து எடுக்க முடியாது.

*

பி-52 குண்டுவீச்சு விமானத்தின் கதையைப் பாருங்கள். 1952-ல் முதன்முதலாகப் பறந்தது. அதிகாரபூர்வப் பெயர் 'ஸ்டிராட்டோஃபோர்ட்ரஸ்', அதாவது வானுயரக் கோட்டை. விமானிகள் கூப்பிடுவது 'பஃப்'. பெரியது, அசிங்கமானது, குண்டானது என்ற மூன்று ஆங்கில வார்த்தைகளின் முதல் எழுத்தோடு நான்காவதாக ஒன்றும் உண்டு. அதை இங்கே எழுதினால் ஆசிரியர் அடிப்பார். கேட்டால், 'ஃபெல்லோ' என்பதன் சுருக்கம்தான் சார் என்று விமானிகளே சமாளித்துவிடுவார்கள்.

ஏ-10 என்றொரு விமானம். டாங்கிகளைத் துளைப்பதற்கென்றே, மூக்கில் ஏழு குழல் பீரங்கியோடு செய்யப்பட்டது. கம்பெனி வைத்த பெயர் 'தண்டர்போல்ட்'. பறக்கிறவர்கள் வைத்தது 'வார்ட்ஹாக்'. முகமெல்லாம் மருவும் கோரைப் பல்லுமாக ஆப்பிரிக்காவில் திரியும் காட்டுப்பன்றி. இன்றைக்கு 'தண்டர்போல்ட்' என்று சொன்னால் பலருக்குத் தெரியாது. பன்றி என்றால் உடனே தெரியும்.

நமக்குப் பழக்கமான டகோட்டா விமானத்துக்கு அமெரிக்கச் சிப்பாய்கள் வைத்த பெயர் 'கூனி பேர்ட்'. பசிபிக் தீவுகளில் இருக்கும் ஆல்பட்ராஸ் பறவையின் செல்லப் பெயர் அது. ஆகாயத்தில் அதைவிட அழகாகப் பறக்கிற பறவை கிடையாது. தரையிறங்கும்போது மட்டும் கால் தடுக்கி, குட்டிக்கரணம் அடித்து விழும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அப்படிப்பட்ட 'அசட்டுப் பறவை'யில் ஏறித்தான் 1947 அக்டோபர் 27 அன்று நம் ராணுவத்தின் சீக்கிய ரெஜிமெண்டைச் சேர்ந்த முதல் பட்டாலியன் ஸ்ரீநகரில் போய் இறங்கியது. அன்று அந்த டகோட்டாக்கள் போய்ச் சேராமல் இருந்திருந்தால் காஷ்மீரின் சரித்திரமே வேறு.

கிண்டல் பெயர்க்காரர்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பதற்கு இன்னொரு உதாரணம், பிரிட்டிஷ் கடற்படையின் ஸ்வார்ட்ஃபிஷ். துணி போர்த்திய இரட்டை இறக்கை. கூரை இல்லாத காக்பிட். இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்தபோதே அது பழைய சாமான். குண்டு, கண்ணிவெடி, டார்ப்பிடோ என்று எதைக் கொடுத்தாலும் சுமந்துகொண்டு கிளம்பும். இங்கிலாந்துப் பெண்கள் கடைக்கு எடுத்துப் போகும் நூல் வலைப்பையில் எதைப் போட்டாலும் கொள்ளும் இல்லையா? அதனால் 'ஸ்டிரிங்பேக்'. இந்த வலைப்பைகளில் 21 கிளம்பிப் போய், 1940 நவம்பரில் டாரன்டோ துறைமுகத்தில் இத்தாலியின் மூன்று போர்க் கப்பல்களை ஒரே ராத்திரியில் முடக்கின. அடுத்த மே மாதம், ஜெர்மனியின் பிரம்மாண்டமான பிஸ்மார்க் கப்பலின் சுக்கானை உடைத்ததும் ஒரு வலைப்பைதான். திரும்ப முடியாமல் வட்டமடித்துக்கொண்டிருந்த பிஸ்மார்க்கை மறுநாள் காலையில் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து முடித்துவைத்தன.

*

பயணிகள் விமானங்களும் தப்பவில்லை. பிஏஇ-146 என்ற பிரிட்டிஷ் விமானத்துக்கு நான்கு எஞ்சின். அடிக்கடி மக்கர் பண்ணும் என்று பெயர் வாங்கியது. பிஏஇ என்றால் 'பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ்' இல்லை, 'பிரிங் அனதர் எஞ்சின்' என்றார்கள் மெக்கானிக்குகள். இன்னொரு எஞ்சின் கொண்டு வாப்பா! ஏர்பஸ் ஏ-340-ன் ஆரம்ப மாடல்கள் மெதுவாக மேலேறும். அதன் எஞ்சின்களை 'நாலு ஹேர் டிரையர்' என்பார்கள். பூமி உருண்டையாக இருக்கிறதால்தான் அது தரையை விட்டே கிளம்புகிறது என்பது விமானிகள் மத்தியில் பிரபலமான ஜோக்.

ஏர்பஸ் ஏ-320-ல் போயிருக்கிறீர்களா? விமானம் புறப்படத் தயாராகும்போது காலுக்கு அடியிலிருந்து 'வவ் வவ்' என்று நாய் குரைக்கிற மாதிரி சத்தம் கேட்டிருக்கும். பக்கத்து சீட்காரர் உங்களைப் பார்த்திருப்பார். நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பயப்பட ஒன்றும் இல்லை. விமானத்தின் ஹைட்ராலிக் அமைப்புகளில் ஒன்றில் அழுத்தம் குறைந்தால், இன்னொன்றிலிருந்து பலத்தை வாங்கிக் கொடுக்கிற கருவி அது. ஒரே எஞ்சினை ஓடவிட்டுத் தரையில் நகரும்போது, இரண்டாவது எஞ்சினைக் கிளப்பும்போதெல்லாம் வேலை செய்யும். உலகம் முழுக்க அதற்குப் பெயர் 'குரைக்கும் நாய்'தான்.

சில சமயம் கம்பெனியே தோற்றுப்போய்ப் பட்டப் பெயரை ஏற்றுக்கொள்ளும். விமானத்தின் உடல் பாகங்களை ஒரு தொழிற்சாலையிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போக ஏர்பஸ் ஒரு குண்டு விமானம் செய்தது. 1994-ல் பறந்தது. 'சூப்பர் டிரான்ஸ்போர்ட்டர்' என்று பெயர் வைத்தார்கள். யாரும் சீண்டவில்லை. புடைத்த நெற்றியோடு பெலுகா திமிங்கலம் மாதிரியே இருந்ததால் 'பெலுகா' என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். கடைசியில் கம்பெனியும் அதையே அதிகாரபூர்வப் பெயராக்கிவிட்டது. அடுத்து வந்த பெரிய பெலுகாவுக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று ஊழியர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். கண்ணும், சிரிக்கிற வாயும் ஜெயித்தன. பழைய பெலுகா ஒன்று 2022-ல் நம் மீனம்பாக்கத்திலும் வந்து இறங்கிவிட்டுப் போனது.

நான் பி.காம். படித்தவன். அதனால் எனக்கு ரொம்பப் பிடித்த பட்டப் பெயர் 'ஃப்ரெட்'. சி-5 கேலக்ஸி என்ற ராட்சச ராணுவச் சரக்கு விமானத்தின் பெயர். 'அபாரமான, அபத்தமான பொருளாதாரப் பேரழிவு' என்பதற்கான நாலு ஆங்கில எழுத்துகள். சும்மா வைக்கவில்லை. 1968-ல் ஏர்னஸ்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற விமானப் படையின் செலவுக் கணக்கு அதிகாரி, அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் வாயைத் திறந்தார். திட்டத்தின் செலவு, சொன்ன தொகையைத் தாண்டி 200 கோடி டாலர் எகிறுகிறது என்று உண்மையைச் சொன்னார். பரிசு என்ன தெரியுமா? அவருடைய பதவியையே ஒழித்துவிட்டார்கள். வழக்கு மேல் வழக்குப் போட்டு, பல வருடம் போராடித்தான் மனிதர் மறுபடி தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆடிட் ரிப்போர்ட்டில் எழுதினால் வேலை போகும். பட்டப் பெயராக வைத்தால் யாரை வேலையை விட்டுத் தூக்குவது?

அதுதான் இதில் சூட்சுமம். பட்டப் பெயர் என்பது கையெழுத்து இல்லாத புகார் மனு.

*

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அவசர அவசரமாகச் செய்த விமானம் பி-26 மரோடர். மாதிரி விமானம் ஒன்று பறந்து காட்டும் முன்பே, வரைபடத்தைப் பார்த்தே ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். சின்ன இறக்கை, பெரிய வேகம். வேகம் குறைந்தால் சொத்தென்று விழும். அன்றைக்கு இருந்த மற்ற குண்டுவீச்சு விமானங்களைவிட வேகமாகத்தான் தரையிறங்க வேண்டும். ஓட்டியவர்களோ அப்போதுதான் மீசை முளைத்த பயிற்சிப் பையன்கள். ஃபுளோரிடாவில் டாம்பா வளைகுடா ஓரம் பயிற்சி நடந்தது. 'டாம்பா வளைகுடாவில் தினம் ஒன்று' என்று எதுகை மோனையோடு ஒரு வசனம் கிளம்பியது. தினம் ஒன்று விழுந்ததா என்றால் இல்லை. ஆனால் அப்படி ஒரு பேச்சு கிளம்புகிற அளவுக்கு விழுந்தது. இதற்கும் 'தாலியறுப்பான்' என்றே பெயர்.

பேச்சு வாஷிங்டன் வரை போனது. பிற்பாடு ஜனாதிபதியான ஹாரி ட்ரூமன் அப்போது செனட்டர். போர்க்கால ஒப்பந்தங்களில் நடக்கும் ஊதாரித்தனத்தை விசாரிக்கிற குழுவுக்குத் தலைவர். கம்பெனி முதலாளி க்ளென் மார்ட்டினைக் கூப்பிட்டு, என்னய்யா குறை என்று கேட்டார். இறக்கை சின்னது என்றார் மார்ட்டின். மாற்ற வேண்டியதுதானே? வரைபடமெல்லாம் முடிந்துவிட்டது, தவிர ஒப்பந்தமும் கையில் இருக்கிறது என்று பதில் வந்ததாம். அப்படியானால் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடலாம் என்றாராம் ட்ரூமன். இறக்கை நீண்டது.

ஆனால் விமானத்தைக் காப்பாற்றியது இறக்கை மட்டும் இல்லை. நீண்ட இறக்கையோடு கூடவே விமானத்தின் எடையும் கூடிவிட்டது. உண்மையான மருந்து, பயிற்சி. புகழ்பெற்ற விமானி ஜிம்மி டூலிட்டில் நேரடியாகத் தலையிட்டார். ஒரே எஞ்சினில் எப்படி ஓட்டுவது, எந்த வேகத்தில் இறக்குவது என்று பையன்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு ஆனது. விளைவு? ஐரோப்பியப் போர்முனையில், கிளம்பிப் போன பி-26-களில் திரும்பி வராதவை நூற்றுக்கு அரை கூட இல்லை. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களிலேயே மிகக் குறைந்த இழப்புக் கணக்கு. அதே தாலியறுப்பான்தான்!

இதை மனத்தில் வைத்துக்கொண்டு திரும்ப ஜெர்மனிக்கு வாருங்கள்.

ஸ்டார்ஃபைட்டர் அடிப்படையில் ஒரு வெயில்கால விமானம். தெளிவான வானத்தில் விர்ரென்று ஏறி எதிரி விமானத்தைச் சுட்டுவிட்டு வரச் செய்யப்பட்டது. அதன் இறக்கை விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். தரையில் நிற்கும்போது மெக்கானிக்குகளை வெட்டிவிடக் கூடாதென்று உறை போட்டு வைப்பார்கள். ஜெர்மனிக்காரர்கள் இதன் தலையில் எல்லாவற்றையும் கட்டினார்கள். மழையிலும் பறக்க வேண்டும், பனிமூட்டத்திலும் பறக்க வேண்டும், தாழப் பறந்து குண்டு போட வேண்டும், அணுகுண்டும் சுமக்க வேண்டும். 352 விமானங்களைச் சுட்டு வீழ்த்திய உலக சாதனையாளர் எரிக் ஹார்ட்மன் அந்தப் படையில்தான் இருந்தார். இது நம் பையன்களுக்கு இப்போது வேண்டாம், தாங்க மாட்டார்கள் என்றார். மேலிடம் கேட்கவில்லை. 1962 ஜூன் 19. ஸ்டார்ஃபைட்டரைப் படையில் சேர்க்கும் விழாவுக்கு முந்தின நாள், சாகச ஒத்திகையில் நான்கு விமானங்கள் ஒன்றாகத் தரையில் மோதின. நான்கு விமானிகளும் இறந்தார்கள்.

மொத்தம் வாங்கியது 916. விழுந்தது 292. இறந்த விமானிகள் 116 பேர். அதில் ஒருவர் 1970-ல் இறந்த யோவாகிம் ஃபான் ஹாஸல். அவருடைய அப்பா யார் தெரியுமா? விபத்துகள் உச்சத்தில் இருந்தபோது மேற்கு ஜெர்மனியின் ராணுவ அமைச்சராக இருந்த கை-உவே ஃபான் ஹாஸல்.

இப்போது இன்னொரு கணக்கு. அதே ஸ்டார்ஃபைட்டரை ஸ்பெயினும் வைத்திருந்தது. 21 விமானங்கள். 17,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்தன. விபத்தில் ஒன்றுகூட விழவில்லை. நல்ல வெயில் நாடு, அனுபவசாலி விமானிகள், எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலைக்கு மட்டுமே உபயோகம். முடிந்தது கதை. ஜெர்மனியிலும் 1966-ல் ஸ்டைன்ஹாஃப் என்பவர் விமானப் படைத் தலைவராக வந்து, பயிற்சியையும் பராமரிப்பையும் உலுக்கி எடுத்து, வெளியே குதிக்கிற இருக்கைகளையும் மாற்ற வழிசெய்த பிறகு சாவு எண்ணிக்கை இறங்கியது.

ஆக, தாலியறுத்தது யார்? விமானமா, அதைத் தப்பான வேலைக்கு அனுப்பியவர்களா?

*

இதே கேள்விதான் நம் வீட்டு வாசலிலும் நிற்கிறது. மிக்-21.

1963-ல் சண்டிகரில் வந்து இறங்கிய ரஷ்ய விமானம். 1971 யுத்தத்தில் டாக்கா கவர்னர் மாளிகையின் கூரையைப் பிளந்தது இதுதான். அதே யுத்தத்தில், டிசம்பர் 12 அன்று கட்ச் வளைகுடாவுக்கு மேலே ஒரு துரத்தல் நடந்தது. முன்னால் ஓடியது பாகிஸ்தானின் விமானம். பின்னால் துரத்திச் சுட்டு வீழ்த்தியது நம் மிக்-21. அந்தப் பாகிஸ்தான் விமானம் எது? எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர். ஜெர்மனியின் தாலியறுப்பானேதான்! அன்றைக்கு மிக்-21 நம் கதாநாயகன்.

அப்புறம்தான் அதற்குப் 'பறக்கும் சவப்பெட்டி' என்று பெயர் வந்தது. 2012-ல் அன்றைய ராணுவ அமைச்சர் ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னார். வாங்கிய மிக் ரக விமானங்கள் மொத்தம் 872. நடந்த விபத்துகள் 482. இறந்த விமானிகள் 171. தரையில் தன்பாட்டுக்கு இருந்து செத்துப்போன பொதுமக்கள் 39.

அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியது யார்? பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள்தான். ஒவ்வொரு விபத்துக்கும் ரெடிமேட் தலைப்பு. நானும் எழுதியிருக்கிறேன். யோசிக்கவே வேண்டாம், கை தானாக எழுதும். மறுநாள் காலை அதே மிக்கில் ஏறப்போகிற ஒருவரின் வீட்டிலும் அந்தப் பேப்பர் போய் விழும், அவர் மனைவியும் படிப்பார் என்று அப்போது தோன்றியதே இல்லை.

மிக்-21 ஓட்டிய பலர் இந்தப் பெயரைக் கடைசிவரை ஏற்கவில்லை. அவர்கள் மட்டும் கிண்டல் தெரியாதவர்களா என்ன? வியட்நாம் போரில் எஃப்-105 தண்டர்சீஃப் ஓட்டிய அமெரிக்க விமானிகள் அதற்கு வைத்த பெயர் 'தட்'. கனமான சாமான் தரையில் விழுந்தால் 'தொப்' என்று சத்தம் வருமே, அது. செய்ததே 833. விபத்திலும் சண்டையிலுமாகத் தொலைந்தவை 380-க்கும் மேல். ஆனாலும் அந்தப் பெயரை அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். காரணம், விழப்போகிறவனே வைத்த பெயர் அது. சாவைப் பார்த்துப் பல்லிளிக்கிற துணிச்சல் அதில் இருக்கிறது. ரஷ்யாவின் மரப்பலகை விமானங்களில் ராத்திரி ராத்திரி குண்டு போடப் போன பெண்களை ஜெர்மானியர்கள் 'இரவுச் சூனியக்காரிகள்' என்று திட்டினார்கள். அந்தப் பெண்கள் அதை மெடல் மாதிரி குத்திக்கொண்டார்கள். உள்ளே இருப்பவன் விரும்பி எடுத்துக்கொண்டால் பட்டப் பெயர் மெடல். வெளியே இருப்பவன் ஒட்டிவிட்டால் அது தீர்ப்பு.

'பறக்கும் சவப்பெட்டி' ஒரு தீர்ப்பு. அதுவும் ஆள் மாறிப்போன தீர்ப்பு.

நடந்தது இதுதான். மிக்-21 தரையிறங்கும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலே. பயிற்சி முடித்த இருபத்து சொச்சம் வயதுப் பையன்கள், மெதுவாகப் போகிற கிரண் மாதிரி விமானங்களிலிருந்து நேராக இதில் ஏறினார்கள். டிவிஎஸ் 50 ஓட்டிப் பழகியவனை ரேஸ் காரில் உட்கார வைத்த மாதிரி. நடுவில் ஒரு படி வேண்டும், நவீன ஜெட் பயிற்சி விமானம் வாங்குங்கள் என்று ஏர் மார்ஷல் லா ஃபான்டெய்ன் தலைமையிலான குழு 1982-ல் பரிந்துரை செய்தது. பிரிட்டனின் ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது எப்போது? 2004-ல். முறைப்படி படையில் சேர்ந்தது 2008-ல். நடுவில் 26 வருடம். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்து, உதிரி பாகங்களுக்கு நாலு நாட்டின் கதவைத் தட்ட வேண்டிவந்தது தனிக்கதை. மாற்று விமானம் வந்தபாடில்லை என்பதால், ஓய்வு கொடுக்க வேண்டிய கிழவனை உழைக்க வைத்துக்கொண்டே இருந்தது இன்னொரு கதை.

கணக்குப் பாடத்தில் ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு செலவைத் தள்ளிப்போட்டால் அது மிச்சம் ஆகாது. வேறு தலைப்பில், வேறு யாருடைய கணக்கிலாவது போய் உட்காரும். பயிற்சி விமானத்துக்கான செலவு 26 வருடம் எந்தெந்த வீட்டுக் கணக்கில் போய் உட்கார்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். டாம்பா வளைகுடாவில் ஒரு கிண்டல் வசனம் கிளம்பியது, விசாரணைக் குழு வந்தது, போர் முடிவதற்குள் பயிற்சி மாறியது. இங்கே நாம் 'சவப்பெட்டி' என்று சொல்லி விமானத்தைக் கூண்டில் ஏற்றினோம். ஃபைலைக் கிடப்பில் போட்டவர்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து உச்சுக் கொட்டினார்கள்.

2025 செப்டம்பர் 26. அறுபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு, வந்து இறங்கிய அதே சண்டிகரில் மிக்-21-க்குப் பிரிவுபசார விழா. விமானப் படைத் தளபதி ஏ.பி.சிங்கே ஒரு மிக்கில் ஏறிப் பறந்தார். தரையிறங்கிய விமானங்களுக்கு இரு பக்கமும் தண்ணீர் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். பழைய மிக் விமானிகள் குடும்பத்தோடு வந்து நின்று பார்த்தார்கள்.

கடைசியாக ஒன்று நடந்தது. 'ஃபார்ம் 700' என்ற ஆவணத்தை ராணுவ அமைச்சர் ராஜ்நாத் சிங்கிடம் தளபதி ஒப்படைத்தார். ஒவ்வொரு விமானத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. பறப்பதற்கு முன்னால் விமானி அதில் கையெழுத்துப் போட்டுத்தான் ஏற வேண்டும். இறங்கிய பிறகு விமானத்தில் என்ன குறை கண்டாலும் அதில் எழுத வேண்டும். விமானத்தின் குறையை எழுத அதில் இடம் இருக்கிறது. விமானத்தை வாங்குகிறவர்களின் குறையை எழுத இடம் இல்லை.